தூர் வாரணுமா, துறை மாறணுமா?

“சித்தப்பா, ஒண்ணு கேக்கணும். பி.எஸ்.5 இப்பவே வாங்கிரலாமா, பி.எஸ்.6 வார வரைக்கும் பொறுக்கணுமா? இல்ல, சிங்கப்பூர்ல இருந்து யாரையாவது விட்டு பி.எஸ்.5 புரோ கொண்டாரச் சொல்லலாமா?”

கேட்டவன் என் அண்ணன் மகன். பிளஸ் டூ படிக்கிறான். கேட்ட இடம், கொற்கையில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணை. நான் செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்து ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி, வீடு சேர்ந்து, பல் தேய்த்து, முதல் காபியில் வாய் வைத்த நேரம். பக்கத்தில் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பையன் கேள்வியை முடித்ததும் அந்தப் பேப்பர் கொஞ்சம் மேலே ஏறி, அவன் முகத்தை முழுசாக மறைத்துக்கொண்டது.

பேப்பர் ஏன் ஏறியது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்கிறேன். அதற்கு முன்னால், ‘பி.எஸ். என்றால் என்ன சார், போலீஸ் ஸ்டேஷனா?’ என்று கேட்கும் வாசகர்களுக்காக இரண்டு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

பி.எஸ். என்றால் பிளேஸ்டேஷன். சோனி கம்பெனியின் வீடியோ கேம் பெட்டி. டி.வி.யில் மாட்டி விளையாட வேண்டியது. செல்போன் மாதிரி வருஷத்துக்கு ஒரு மாடல் இதில் கிடையாது. முதல் பெட்டி 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. இரண்டாவது 2000, மூன்றாவது 2006, நாலாவது 2013, ஐந்தாவது 2020. ஆறேழு வருஷத்துக்கு ஒரு தலைமுறை. நடுவில் பெட்டி மாறாது என்பதுதான் இந்த வியாபாரத்தின் அச்சாணி. வாங்குகிறவனுக்கு, ‘இன்னும் அஞ்சாறு வருஷம் கவலையில்லை’ என்ற தைரியம். கேம் செய்கிறவனுக்கு, ஊர் முழுக்க ஒரே பெட்டி இருக்கிறது என்ற வசதி.

அந்த வழக்கத்தை 2016-ல் சோனி கொஞ்சம் வளைத்தது. 4கே டி.வி.க்கள் வர ஆரம்பித்திருந்த சமயம். அந்த நவம்பரில் பி.எஸ்.4 புரோ என்று ஒன்றை விட்டார்கள். அதே தலைமுறை, அதே கேம்கள். ஆனால், படம் வரைகிற சில்லுக்கு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் பலம். அடுத்த வருஷமே மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் என்று பதில் சொன்னது. 2024 நவம்பரில் பி.எஸ்.5 புரோ வந்தது. அமெரிக்காவில் அப்போது விலை 700 டாலர். டிஸ்க் போடுகிற வாய் கிடையாது. வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். அதில் இருக்கும் புது வைஃபை பயன்படுத்துகிற 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததால், வெளியான சமயத்தில் இந்தியாவுக்கு வரவில்லை. பையன் சிங்கப்பூருக்குப் போனது அதனால்தான்.

ஆக, கேள்வி இதுதான். ஓடிக்கொண்டிருக்கிற மெஷினையே பாதி வழியில் பலப்படுத்துவதா, முழுசாகப் புதுசுக்கு மாறுவதா? ஏதோ சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? எங்கள் வீட்டில் ஒரு கடையை மூட வைத்த கேள்வி இது.

2000-ம் வருஷம் பாளையங்கோட்டையில் அண்ணன் ஒரு வீடியோ கேம் கடை போட்டான். கடை என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அறை. இரண்டு பழைய பிளேஸ்டேஷன், இரண்டு டி.வி., ஒரு மர பெஞ்ச். மணிக்கு இருபது ரூபாய். முதலீடு, அம்மாவின் இரண்டு வளையல். காலேஜுக்கும் ஹாஸ்டலுக்கும் பஞ்சமில்லாத ஊர் அது. ‘டெக்கன் 3’ சண்டை போட வருகிற பையன்களின் செருப்பு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாசலைத் தாண்டித் தெருவில் கிடக்கும். நான் அங்கேயே ஒரு காலேஜில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். கல்லாப்பெட்டியும் கணக்கும் என் இலாகா.

2001 கடைசியில் கையில் ஒரு தொகை சேர்ந்தது. அண்ணன் சொன்னான்: “ஏல, பி.எஸ்.2-ன்னு ஒண்ணு வந்திருக்காம்லா. தூத்துக்குடியில கப்பல்ல வேலை பாக்குற ஒருத்தரு கொண்டாந்து தாரேங்காரு. இருவத்தஞ்சாயிரம் ஆவும்.”

நான் லாங் சைஸ் நோட்டை எடுத்தேன். போட்ட முதல் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று கணக்குப் பார்க்கிற பாடத்தை எங்களுக்கு அப்போதுதான் நடத்தி முடித்திருந்தார்கள். சோனி 2000-ல் முதல் பிளேஸ்டேஷனையே சின்னதாக, வெள்ளையாக மாற்றி ‘பி.எஸ். ஒன்’ என்று விட்டிருந்தது. அந்த இருபத்தைந்தாயிரத்தில் அதில் இரண்டு, கூட இரண்டு பழைய டி.வி., இன்னொரு பெஞ்ச், சுவருக்குப் பெயிண்ட், எல்லாம் முடிந்துவிடும். மெஷின் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேர ஓட்டம் என்று வைத்தேன். பி.எஸ்.2 வாங்கினால் முதல் திரும்ப ஏறக்குறைய எட்டு மாசம். நான் சொல்கிறபடி செய்தால் நாலு மாசம். அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டேன்.

அண்ணன் ஐ.டி.ஐ. படித்தவன். தம்பி இங்கிலீஷில் தலைப்பு எழுதிக் கணக்குப் போட்டிருக்கிறான் என்றால் அதற்கு மேல் அப்பீல் ஏது? “நீ சொன்னா சரிதாம்ல” என்று ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டான்.

மூணே மாசம். இரண்டு தெரு தள்ளி ஒரு பையன் தன் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு பி.எஸ்.2 வைத்தான். பெஞ்ச்கூடக் கிடையாது, பாய்தான். மணிக்கு நாற்பது ரூபாய், எங்களைப் போல இரண்டு மடங்கு. ‘கிரான் டுரிஸ்மோ 3’-ல் கார் ஓடுவதைச் சும்மா வேடிக்கை பார்க்கவே ஜன்னலில் தலைகள். அதைவிடப் பெரிய அடி, எங்களிடம் இருந்த பழைய டிஸ்க்குகளும் அந்த மெஷினில் ஓடும். பி.எஸ்.2-ஐ அப்படித்தான் செய்திருந்தார்கள். எங்கள் நாலு மெஷினும் செய்கிற எல்லாவற்றையும் அது செய்யும். அது செய்கிற ஒன்றையும் எங்களுடையது செய்யாது. இந்தத் தகவல் என் நோட்டில் எந்த வரியிலும் இல்லை.

2002 ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் கடையைக் காலி செய்தோம். பெயிண்ட் வாசம்கூட முழுசாகப் போகவில்லை. வளையல் மூழ்கியது. அண்ணன் ஏரலில் வந்து ஜெராக்ஸ் கடை வைத்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் பத்திரிகை வேலைக்கு வந்து, மற்றவர்கள் செய்த தப்புகளைப் பற்றி வாராவாரம் எழுத ஆரம்பித்தேன்.

இப்போது புரிகிறதா, பேப்பர் ஏன் மேலே ஏறியது என்று?

என்னை மாதிரி இரட்டைக் கோடு போட்டு மாட்டிக்கொண்டவர்கள் பெரிய இடத்திலும் உண்டு என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு அற்ப ஆறுதல்தான். ஜப்பானில் சேகா என்று ஒரு கம்பெனி. 1988-ல் மெகா டிரைவ் என்ற பெட்டியை விட்டது. நல்ல பெட்டி. அதைப் பலப்படுத்துகிறேன் பேர்வழி என்று 1991-ல் கீழே மாட்ட ஒரு சி.டி. கருவி. 1994 நவம்பரில் தலைமேல் செருக 32எக்ஸ் என்று இன்னொரு கருவி, அமெரிக்காவில் 159 டாலர். வேடிக்கை என்னவென்றால், அதே நவம்பரில் அதே கம்பெனி ஜப்பானில் சாட்டர்ன் என்ற முழுப் புது மெஷினையும் இறக்கியது. கேம் செய்கிறவர்கள் எதற்குச் செய்வார்கள்? புதுசுக்குத்தான் போனார்கள். 159 டாலர் கொடுத்தவன் கையில் நாற்பதுக்கு மேல் கேம் சேராத ஒரு பிளாஸ்டிக் தொப்பி மிஞ்சியது. 2001-ல் சேகா, ‘இனிமேல் மெஷினே செய்வதில்லை, கேம் மட்டும்தான்’ என்று ஒதுங்கியது. காரணம் பல. ஆனால் இரண்டு தடவை ஏமாந்த வாடிக்கையாளன் மூன்றாம் தடவை பர்ஸைத் திறக்க யோசித்தான் என்பதும் அதில் ஒன்று.

நின்டெண்டோ இதற்கு நேர் எதிர்த் தப்பைச் செய்தது. அவர்களுடைய வீ மெஷின் உலகம் முழுக்கப் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. 2012-ல் அதற்கு வாரிசு என்று ஒரு முழுப் புது மெஷினை விட்டு, ‘வீ யு’ என்று பேர் வைத்தார்கள். ஜனங்கள் என்ன நினைத்தார்கள்? பழைய மெஷினுக்கு மாட்டிக்கொள்கிற ஏதோ உதிரிக் கருவி போலிருக்கிறது என்று! விற்றது ஒன்றரைக் கோடிகூட இல்லை. அடுத்த தடவை உஷாராகிவிட்டார்கள். 2017-ல் ஸ்விட்ச். 2021-ல் அதே மெஷினுக்கு நல்ல திரை மட்டும். 2025 ஜூனில் வந்த வாரிசுக்கு ஸ்விட்ச் 2. ஒண்ணு, ரெண்டு என்றால் யாருக்கும் குழப்பமில்லை பாருங்கள்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவனிடம் ஒரு பி.எஸ்.4 இருந்தது. 2019-ல் சென்னை ரிச்சி தெருவில் பழசாக நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ‘இன்னும் கொஞ்சம் போட்டா புரோ தாரேன் சார்’ என்றார் கடைக்காரர். வேண்டாமென்றேன். நல்லவேளை, அது தப்பாகவில்லை. புரோவுக்கு என்று தனியாகக் கேம் வரக் கூடாது, எல்லாம் சாதாரண பி.எஸ்.4-லும் ஓட வேண்டும் என்று சோனி கறாராக இருந்தது. அதனால் நாலு வருஷம் பையன் தன்னிடம் இருப்பது குறைந்த ரகம் என்று தெரியாமலே சந்தோஷமாக விளையாடினான். நடுவழி மேம்பாடு என்றால் இப்படி இருக்க வேண்டும். பஸ்ஸில் முன்னால் நாலு சீட்டுக்கு மட்டும் மெத்தை போடுங்கள், தப்பில்லை. ஆனால் பின் சீட்டுக்காரனும் அதே ஊரில் இறங்க வேண்டும்.

2023 டிசம்பர் 17. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஏரலுக்குள் வந்தது. ஊரே துண்டாகிப்போனது. அண்ணன் குடும்பம் கடைக்குப் பின்னாலேயே வாடகைக்குக் குடியிருந்தார்கள். கடையில் கழுத்தளவு தண்ணீர். இரண்டு ஜெராக்ஸ் மெஷின், கம்ப்யூட்டர், மதினியின் தையல் மிஷின், டி.வி., பி.எஸ்.4. தண்ணீர் வடிந்த பிறகு பையன் அதை மூன்று நாள் வெயிலில் வைத்தானாம். அப்புறம் திருப்புளியால் திறந்து பார்த்திருக்கிறான். உள்ளே விரல்கடை உயரத்துக்கு வண்டல். டிஸ்க்குகள் மட்டும் பிழைத்தன. கழுவித் துடைத்தால் போதுமே. அஞ்சு டிஸ்க்.

அதன் பிறகு குடும்பம் கொற்கைப் பழைய வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு ஜெராக்ஸ் மெஷினைக் கடன் வாங்கி வைத்து அண்ணன் மறுபடி கடையைத் திறந்தான். பையன் அந்த நாளிலிருந்து ஒரு பொருள் வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை. அதுவும் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை, எது சரி என்றுதான் கேட்டான். வித்தியாசம் எனக்குத் தெரியாமலில்லை.

சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு கொற்கைக் குளத்துப் பக்கம் நடந்தேன். வன்னி மரத்தடியில் உட்கார்ந்தோம். இரண்டாயிரம் வருஷத்து மரம் என்று ஊரில் சொல்வார்கள். கொற்கையைப் பற்றி உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருப்பார்கள். பாண்டியர் துறைமுகம், முத்துக் குளித்த இடம். கிரேக்க மாலுமிகளின் பழைய வழிகாட்டி நூலில்கூட ‘கோல்கி’ என்று பேர் வருகிறது. 1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே தோண்டி எடுத்த கரித்துண்டைச் சோதித்தபோது, கி.மு. 785 என்று காலம் சொன்னார்கள். 2021-ல் மறுபடி தோண்டினார்கள். அப்பேர்ப்பட்ட துறைமுகத்தில் இன்றைக்கு நின்றுகொண்டு கடலைத் தேடினால் வாழைத் தோட்டம்தான் தெரியும். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

ஆறு கொண்டுவந்து கொட்டின வண்டல்தான் காரணம். பையனின் பெட்டிக்குள் இருந்த அதே தாமிரபரணி வண்டல். நம் முன்னோர்கள் சும்மாவா இருந்திருப்பார்கள்? முடிந்த மட்டும் தூர் வாரித்தான் பார்த்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் கடலே நகர்ந்த பிறகு எதைத் தூர் வார? துறைமுகம் ஆற்று முகத்தோடு நகர்ந்து காயலுக்குப் போனது. பதிமூன்றாம் நூற்றாண்டு முடிகிற சமயம் மார்க்கோ போலோ வந்து வியந்தது அந்தக் காயல் பட்டணத்தைத்தான். பிறகு அதுவும் மண்மூடி, இன்றைக்குப் பழையகாயல் என்ற ஊராக நிற்கிறது. போர்ச்சுக்கீசியர்கள் புன்னைக்காயலில் இறங்கினார்கள். கடைசியில் தூத்துக்குடி. அங்கேயும் பாருங்கள், பெரிய துறைமுகம் 1974-ல் தனியாக வந்தது. பழைய துறைமுகத்தை மூடிவிடவில்லை. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றுகிற தோணிகளுக்கு அது போதும்.

“மெஷினைப் பாக்காதல, மக்கா. கடல் எங்க இருக்குன்னு பாரு” என்றேன் அவனிடம்.

“சித்தப்பா, சுத்தி வளைச்சுச் சொல்லுதிய. வாங்கணுமா, வேண்டாமா?”

சரி, நேராகவே சொன்னேன். கேம் செய்கிறவர்கள்தான் கப்பல்கள். அவர்கள் வருகிற வரைக்கும் பழைய மெஷின் துறைமுகம்தான். கொஞ்சம் தூர் வாரினால் போதும், வாராவிட்டாலும் குற்றமில்லை. பி.எஸ்.5 வந்து இரண்டு வருஷம் கழித்தும் ‘காட் ஆஃப் வார் ரக்னராக்’ பி.எஸ்.4-லும் வந்தது. ஆனால் 2023 அக்டோபரில் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ வரவில்லை. அதாவது, வெள்ளம் வந்து பையனின் பெட்டியைத் தூக்குவதற்கு இரண்டு மாசம் முன்னாலேயே கடல் அதைவிட்டு விலகத் தொடங்கியிருந்தது. இரண்டு முறை தள்ளிவைத்து, 2026 நவம்பர் என்று அறிவித்தார்களே ஜி.டி.ஏ. 6, அதுவும் பி.எஸ்.4-க்குக் கிடையாது. வருஷா வருஷம் வருகிற ஃபுட்பால் கேம் மட்டும் 2025-லும் பழைய பெட்டிக்கு வந்தது. தோணி மாதிரி.

அப்படியானால் பி.எஸ்.5. புரோ வேண்டாம், கப்பல்கள் இரண்டிலும் ஒன்றுதான், விலைதான் வேறு. போதாததற்கு வெள்ளத்தில் பிழைத்த அஞ்சு டிஸ்க்கும் டிஸ்க் போடுகிற சாதாரண பி.எஸ்.5-ல் ஓடும்; புரோவில் வாயே இல்லை. பி.எஸ்.6-க்குக் காத்திருப்பதா? 2025 அக்டோபரில் சோனியும் சில்லு செய்கிற ஏ.எம்.டி.யும் சேர்ந்து அடுத்த மெஷினுக்கான நுட்பம் பற்றிப் பேசினார்கள். இன்னும் சில வருஷம் என்றார்கள். தேதியோ விலையோ சொல்லவில்லை. சொன்னாலும் முதல் வருஷம் அதற்கென்று கப்பல் அதிகம் வராது.

இதில் பி.காம்.காரனான என்னைத் திகைக்க வைக்கிற ஒரு சங்கதி உண்டு. சாமான் பழசானால் விலை இறங்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பி.எஸ்.2 அப்படித்தான் நடந்துகொண்டது. அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்தது, 2009-ல் 99 டாலருக்கு இறங்கிவிட்டது. அந்த விலை இறக்கத்தால்தான் நம் ஊர்ப் பக்கமெல்லாம் அது பத்து வருஷம் ஓடியது. பி.எஸ்.3 வந்து மூன்று வருஷம் ஆன பிறகு, 2009-ல், கில்லி, பட்டம், கபடி எல்லாம் வைத்து ‘தேசி அட்டா’ என்று நமக்காகவே ஒரு கேம் பி.எஸ்.2-ல் விட்டார்கள் என்றால் பாருங்களேன். பி.எஸ்.5 கதை தலைகீழ். இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய். 2022 நவம்பரில் 54,990. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் ஐம்பது டாலர் ஏற்றினார்கள். அஞ்சு வருஷப் பழைய பெட்டி, பிறந்த அன்றைக்கு விற்றதைவிட அதிக விலை! தேய்மானப் பட்டியலில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

அதனால், பொறுத்திருந்தால் விலை இறங்கும் என்ற பழைய நம்பிக்கையும் கைகொடுக்கவில்லை. “பரீட்சை முடியட்டும். ஏப்ரல்ல வாங்கிருவோம். பாதி என் பங்கு” என்றேன். பையன் தரையில் கிடந்த வன்னிக் குச்சியை எடுத்து மண்ணில் ஏதோ கிறுக்கினான். “மீதிப் பாதிக்கு அப்பாட்ட நீங்கதான் சொல்லணும்” என்றான்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் அண்ணனும் நானும் மட்டும். இருபத்து மூணு வருஷமாக எடுக்காத பேச்சை எடுத்தேன்.

“அண்ணே, பாளையங்கோட்டைக் கடையில நான் ஒரு கணக்குப் போட்டேன்லா...”

“எது, அந்த லாங் சைஸ் நோட்டா? அது வெள்ளத்துல போயிட்டுல்லா” என்றான்.

2023 வரைக்கும் அது அவனிடம் இருந்திருக்கிறது! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “எதுக்குண்ணே அத வச்சிருந்த?”

“பின்னால பாதி நோட்டு வெத்துத் தாளா கெடந்துது. வீணாக்குவானா? ஜெராக்ஸ் கடை ஆரம்பிச்ச புதுசுல வரவு செலவு அதுலதான் எழுதினேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். உள்ளே பையன் படிக்கிற சத்தம் கேட்டது.

“டிஸ்க் போடுததுதான வாங்கணும்? பழசா நல்லதா ஒண்ணு முப்பதுக்குள்ள அமையுதான்னு தூத்துக்குடியில விசாரிச்சு வச்சிருக்கேன்” என்றான். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

“இந்தத் தடவ நீ கணக்குப் போடாத, என்ன?”